மாமாவுக்கு 5.8 வந்துருச்சு!

வாங்க, வாங்க. பாம்பனில் இன்று காற்று அதிகம், மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கோங்க. இன்றைக்குச் சமையல் கிடையாது. காலையில் ரிப்போர்ட் வந்தது: எங்க மாமாவுக்கு யூரிக் ஆசிட் 5.8 (100 மில்லி ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு)! கிட்டக் காட்டுறேன், நல்லாப் பாருங்க. போன வருஷம் இதே மனுஷனுக்கு 9.4, கவுட் என்கிற மூட்டு நோய். யூரிக் ஆசிட் கூடினால் வருவது.

நம்ம வீடியோக்களில் திண்ணையில் வலை பொத்துற மாமாதான். விசைப்படகுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மாமாவுக்கு அப்போது தினமும் நெத்திலிக் கருவாடு, சாயங்காலம் பீர். அந்த வெயிலிலும் தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டார். ஒரு ராத்திரி கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, தோல் பளபளவென்று ஆகிவிட்டது. வேட்டி நுனி பட்டாலே அலறினார்.

அந்தக் காலில் தேய்க்கத்தான் ஒருத்தர் தைலம் விற்றார். 100 மில்லி 850 ரூபாய்! லிட்டருக்குக் கணக்குப் போடுங்க, 8,500. அந்தக் காசுக்கு எங்க வீட்டில் எத்தனை நாள் மீன் வாங்கலாம்! தொடவே முடியாத காலில் எதைத் தேய்க்கிறது? கவுட் வலி வைத்தியமே பார்க்காவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். அந்தப் பேரைத் தைலம் தட்டிக்கொண்டு போகிறது. எனக்கு ஆத்திரமே இதில்தான். வலி போனதும் நோய் போய்விட்டது என்று நம்பி விடுகிறோம். உள்ளே யூரிக் ஆசிட் உப்புப் படிகம் அப்படியே கிடக்கும்.

ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.8-ஐத் தாண்டினால் அது கரைந்து நிற்காது, ஊசி ஊசியாக மூட்டில் படியும். அதை 6-க்குக் கீழேயே வைத்திருந்தால் படிந்ததும் மெல்லக் கரையும். அதனால்தான் இந்த 5.8-க்கு இவ்வளவு குதிக்கிறேன்!

வலி வந்த அன்றைக்கு எடுத்த பரிசோதனையில் 6.3 காட்டியது. "நார்மல்தான், கவுட் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அளவு இறங்கிக் காட்டலாம். அடங்கி ரெண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கணும். அந்த 9.4 அப்படி வந்ததுதான்.

இருங்க, முக்கியமானது ஒன்று விட்டுப்போச்சு. மாமா பி.பி.க்கு நீர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதில் சில வகை யூரிக் ஆசிட்டை ஏற்றும். டாக்டரே பார்த்து வேறு மாத்திரை மாற்றினார். நீங்களாக நிறுத்திவிடாதீங்க.

சாப்பாட்டில் நெத்திலி, சூடை, ஈரல், பீர், கலர், பாட்டில் ஜூஸ் இதெல்லாம் குறையணும். கீரையையும் பருப்பையும் பிடுங்காதீங்க, அதனால் கவுட் வருவதில்லை. பாலும் தயிரும் நல்லது. ஆனால் சாப்பாட்டை மட்டும் கட்டினால் பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் இறங்கும். நிறையப் பேருக்குச் சிறுநீரகம் யூரிக் ஆசிட்டைச் சரியாக வெளியேற்றாததுதான் காரணம். அது தெரியாமல், "வாயைக் கட்டலை, அதான்" என்று மாமாவை எத்தனை பேர் ஏசினார்கள்!

அளவை இறக்கியது அலோபியூரினால் மாத்திரைதான். 100 மில்லிகிராமில் ஆரம்பித்து, ரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். முதல் சில மாதம் வலி திரும்ப வரலாம், படிகம் கரையும்போது அப்படித்தான். பயந்து மாத்திரையை விடக்கூடாது. ஆனால் உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடணும்.

அந்த மாதங்களில் வலி தடுக்கக் கொஞ்சமாக கோல்சிசின் கொடுத்தார்கள். நம்ம மாநிலப் பூ செங்காந்தள் இருக்கே, அதன் விதையிலிருந்தும் இதை எடுக்கிறார்கள். அதற்காக அந்தச் செடியின் கிழங்கை, அதாவது கண்வலிக்கிழங்கைத் தோண்டி அரைத்துக் குடிக்காதீங்க, கடும் விஷம், உயிரே போகும்.

சரி, உங்க வீட்டில் யாருக்காவது இது இருந்தால், கடைசியாக எவ்வளவு வந்தது, அது வலி நேரத்தில் எடுத்ததா அடங்கின பிறகா என்று கீழே எழுதுங்க. நாளைக்கு விளமீன் குழம்பு, மாமாவுக்கும் ரெண்டு துண்டு உண்டு.