அந்தக் கை யாருடைய ஆறுதலுக்கு?

நடுவர் அவர்களுக்கும், மூன்று பேர் மாறி மாறிப் பேசி அரங்கத்தில் பாதிப் பேரைக் கண் கலங்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம்.

'மனநல ஆலோசகர் ஆறுதலுக்காகத் தொடுவது அறமா, தொடாமல் இருப்பது அறமா?' இதுதான் தலைப்பு. நான் தொடாமல் இருப்பது என்ற அணி. கேட்கும்போதே கல்நெஞ்சு அணி மாதிரி இருக்கிறது, தெரியும். "எதிரில் ஒருவர் தேம்பித் தேம்பி அழுகிறார், அவர் தோளில் ஒரு கை வைக்க விதிப்புத்தகத்தைப் புரட்ட வேண்டுமா?" என்று எதிரணித் தலைவி கேட்டபோது நானே கை தட்டிவிட்டேன். அப்புறம்தான் நான் எந்த அணி என்று ஞாபகம் வந்தது.

முதலில் ஒன்றை ஓரமாக வைத்துவிடுவோம். பாலியல் நோக்கத்தோடு தொடுவதைப் பற்றி இரண்டு அணிக்கும் சண்டையே இல்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை, சிகிச்சையில் இருப்பவரோடு பாலுறவே கூடாது என்கிறது. சிகிச்சை முடிந்தும் குறைந்தது 2 ஆண்டுகளுக்குக் கூடாது, அதற்குப் பிறகும் மிக அபூர்வமான நிலையில் தவிரக் கூடாது. அதே நெறிமுறை தோளில் கை வைப்பதைத் தடுக்கவில்லையே என்று எதிரணி கேட்டார்கள். தடுக்கவில்லைதான், ஐயா. தடுத்திருந்தால் இங்கே நமக்கு என்ன வேலை?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் குரங்குக் குட்டிகளைக் கூட்டி வந்தார். ஹாரி ஹார்லோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களில் செய்த சோதனை. பால் கொடுக்கும் கம்பிப் பொம்மை ஒரு பக்கம், மெத்தென்று துணி சுற்றிய பொம்மை இன்னொரு பக்கம். குட்டிகள் பாலைக் குடித்துவிட்டு ஓடிவந்து துணிப் பொம்மையைத்தான் கட்டிக்கொண்டன. நெஞ்சைத் தொடும் காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொம்மையைக் கொஞ்சம் பாருங்கள். அது குட்டியைத் தேடிப் போகவில்லை. குட்டிதான் போய்க் கட்டிக்கொண்டது, போதும் என்றபோது இறங்கிப் போனது. பொம்மைக்குக் குட்டி மேல் பரிதாபம் கிடையாது, ஆசை கிடையாது, "இந்தக் குட்டிக்கு என்னைப் பிடித்திருக்கிறதா" என்ற கவலை கிடையாது. முக்கியமாக, அது ஃபீஸ் வாங்கிக்கொண்டு அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்வதில்லை. அப்படி ஒரு தெரபிஸ்ட் இருந்தால் கூட்டி வாருங்கள், நான் எதிரணிக்கே வந்துவிடுகிறேன்.

"சரி, கேட்டுவிட்டுத் தொடலாமே, சம்மதம் வாங்கினால் போச்சு" என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. "உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா?" என்று ஒருவர் கேட்கிறார். கேட்பவரிடம்தான் உங்கள் ரகசியம் அத்தனையும் இருக்கிறது, அடுத்த வாரமும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும், அவர் மனம் கோணினால் உங்களுக்குப் பேச வேறு ஆள் இல்லை. அந்த இடத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும்! பல பேர் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பதே வாழ்க்கையில் யாரிடமும் 'வேண்டாம்' சொல்ல முடியாமல் போனதால்தான்.

நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். எங்கே, யாரிடம் என்பது வேண்டாம். அவர் நல்லவர், இன்றைக்கும் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐந்தாவதோ ஆறாவதோ செஷன், அதுவரை வாயில் வராத ஒரு விஷயம் தொண்டை வரை வந்துவிட்டது. வார்த்தை வரும் முன்னால் அழுகை வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்து என் மணிக்கட்டின் மேல் கையை வைத்தார். அவருடைய கைக்கடிகாரத்தின் உலோகப் பட்டை சில்லென்று பட்டது. எனக்கு அழுகை நின்றுவிட்டது. நிமிர்ந்து சிரித்தேன், "தேங்க்ஸ்" என்றும் சொன்னேன். அவர் குறிப்பில் என்ன எழுதியிருப்பார்? 'ஆறுதல் அடைந்தார்' என்றுதானே? உண்மையில், அவர் இவ்வளவு சங்கடப்படுகிறாரே, போதும், நிறுத்திக்கொள்வோம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த விஷயத்தை அவரிடம் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை.

ஒருவர் எதிரில் உட்கார்ந்து அழும்போது சும்மா பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கஷ்டத்தைத் தாங்க முடியாமல்தான் கை நீளுகிறது. டிஷ்யூ பெட்டியை அவசரமாக நகர்த்துவதுகூட அப்படித்தான், 'துடைத்துக்கொள், முடித்துக்கொள்' என்று அர்த்தமாகிவிடும் என்று பயிற்சியிலேயே எச்சரிப்பவர்கள் உண்டு. பெட்டிக்கே இந்தப் பாடு என்றால் கைக்கு?

அப்புறம், சறுக்குமர வாதம், அதாவது சின்னத் தொடுதலில் ஆரம்பித்தால் சறுக்கிக்கொண்டே போய்ப் பெரிய தப்பில் முடியும் என்பது. பேசவிட்டு ஆழ்மனதை அலசும் மனப்பகுப்பாய்வுச் சிகிச்சையைத் தொடங்கிய ஃபிராய்டே ஆரம்பத்தில் தொட்டவர்தான். 1890களில் நோயாளியின் நெற்றியில் கையை வைத்து அழுத்தி, இப்போது நினைவு வரும் பாருங்கள் என்பார், பிறகு விட்டுவிட்டார். அவருடைய சீடர் சாண்டோர் ஃபெரென்சி, நோயாளிகள் தன்னை முத்தமிட விடுகிறார் என்று தெரிந்ததும் ஃபிராய்டு 1931இல் அவருக்குக் கடிதம் எழுதினார். உங்களைவிடத் துணிச்சலான ஒருவர் வந்து, முத்தத்தோடு ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்பாரே என்பது அதன் சாரம். எங்கள் அணியில் சிலருக்கு இந்த வாதம் ரொம்பப் பிடிக்கும். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை, தோளைத் தொட்ட எல்லோரும் தவறான வழிக்குப் போய்விடுவதில்லை. ஹோல்ராய்டு, பிராட்ஸ்கி என்ற இருவர் 1980இல் வெளியிட்ட ஆய்வும் அதைத்தான் சொன்னது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. எதிர்ப்பாலினத்தவரை மட்டும் தொட்டு, தன் பாலினத்தவரைத் தொடாத தெரபிஸ்ட்டுகளிடம்தான் நோயாளியோடு பாலுறவு வரை போனது அதிகம். "கை தானாகப் போகிறது, அது மனிதாபிமானம்" என்கிறீர்களே, அந்தத் தானாகப் போகும் கை யார் பக்கம் போகிறது, யார் பக்கம் போகவில்லை என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள்.

இனி வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் மனப்பகுப்பாய்வாளர். எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் அவரைத்தான் துருப்புச் சீட்டாக இறக்கினார். மார்கரெட் லிட்டில் என்ற நோயாளியின் கைகளை மணிக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார், லிட்டிலும் பிற்பாடு அதை நன்றியோடு எழுதினார். உண்மை. லிட்டிலே ஒரு மனப்பகுப்பாய்வாளர் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் அப்படி ஒரு நோயாளி வாய்ப்பதில்லை, எல்லோரும் வின்னிகாட்டும் இல்லை.

எனக்கு நெருக்கமான கதை வேறு. பேட்ரிக் கேஸ்மென்ட் என்ற பிரிட்டிஷ் மனப்பகுப்பாய்வாளர் 1982இல் எழுதியது. அவரிடம் வந்த ஒரு பெண் 11 மாதக் குழந்தையாக இருந்தபோது உடம்பு வெந்துபோனவர். 17 மாதத்தில் ஒரு அறுவை சிகிச்சை, மரத்துப்போகும் ஊசி மட்டும்தான், முழு மயக்கம் இல்லை. அம்மா கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் அம்மா மயங்கி விழுந்தார். பிடி விட்டுப்போனது. பல வருடம் கழித்து அந்த நினைவுக்குள் மறுபடி இறங்கும்போது, நீங்கள் என் கையைப் பிடிக்காவிட்டால் என்னால் முடியாது என்கிறார் அந்தப் பெண். கேஸ்மென்ட் முதலில், தேவைப்பட்டால் பிடிக்கலாம் என்பதுபோலச் சொல்லிவிட்டார். பிறகு யோசித்துவிட்டு, இல்லை என்றார். அந்தப் பெண் கொதித்துப்போனார், எல்லாம் கையைவிட்டுப் போய்விடும் போன்ற நாட்கள். கேஸ்மென்ட்டுக்கும் அது நரகம். ஆனால் அவர் கையைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மயங்காத ஒரு அம்மா கிடைத்திருப்பார். கை நழுவிய அந்தக் கணம் மட்டும் யாரும் தொடாமல் அப்படியே உள்ளே கிடந்திருக்கும். பிடிக்காததால் அந்தப் பெண் அந்தக் கணத்துக்குள்ளேயே போனார். இந்த முறை பிடி இல்லை, ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவர் மயங்கவும் இல்லை, ஓடவும் இல்லை.

தொடாமல் இருப்பது விலகி இருப்பது என்று யார் சொன்னது?

படியில் தடுக்கி விழுபவரைப் பிடிக்கலாமா என்று எதிரணி கேலி செய்தார்கள். பிடியுங்கள் ஐயா, தாராளமாகப் பிடியுங்கள். போகும்போது அவராகவே கை நீட்டினால் குலுக்குங்கள், முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அவரை அவமானப்படுத்தச் சொல்லவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்ந்துவிடுகிறேன். தீர்ப்பு எழுதும் முன்னால் எதிரணியில் இருக்கும் ஆலோசகர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள். இத்தனை வருடத்தில் உங்கள் கையை வேண்டாம் என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? 'ஒருவர்கூட இல்லை' என்று அவர்கள் பெருமையாகச் சொன்னால், நடுவர் அவர்களே, அந்தப் பதிலை எங்கள் அணிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.