எது எஸ்எஸ்டி, எது ஹார்ட் டிஸ்க்? விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் திரையில் வரும் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு வட்டு, பற்றி நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "என் வீட்டுக் கணினியில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. புதிதாக 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி இணைத்திருக்கிறேன். விண்டோஸ் 11 இன்ஸ்டால் செய்யப் போனால் திரையில் டிரைவ் 0, டிரைவ் 1 என்று மட்டுமே வருகிறது. எது எஸ்எஸ்டி என்று தெரியாததால் பாதியில் நிறுத்திவிட்டேன். 500 ஜிபி என்று வாங்கியது 465 என்று காட்டுகிறதே, ஏமாந்துவிட்டேனா?"

ஐயா, நீங்கள் நிறுத்தியது மிகச் சரியான முடிவு. அந்தத் திரையில் தவறான வரியைத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்துவிட்டால், பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த குடும்பப் படங்களும் கணக்குகளும் அந்த ஒரு சொடுக்கில் போய்விடக்கூடும்.

நீங்கள் ஏமாறவில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபி என்பதை நூறு கோடி பைட்டுகளாகக் கணக்கிடுகிறார்கள்; விண்டோஸோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணை, அதாவது ஏறத்தாழ 107 கோடி பைட்டுகளை, ஒரு ஜிபி என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே 500 ஜிபி என்று அச்சிட்ட வட்டு 465 என்றும், உங்கள் 1 டிபி ஹார்ட் டிஸ்க் 931 என்றும் தெரியும். இந்த வேறுபாடுதான் உங்களுக்கு முதல் அடையாளம். புதிய எஸ்எஸ்டியில் இதுவரை எந்தப் பிரிவும் உருவாக்கப்படவில்லை என்பதால், அது "அன்அலக்கேட்டட் ஸ்பேஸ்" என்ற ஒரே வரியாக, 465 ஜிபி அளவுடன் நிற்கும். ஹார்ட் டிஸ்க்கோ பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்று பல வரிகளாகப் பிரிந்து கிடக்கும்; அவற்றின் கூட்டுத்தொகை 931-ஐ ஒட்டி வரும்.

டிரைவ் 0, டிரைவ் 1 என்ற எண்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். எஸ்எஸ்டிதான் 0 என்றோ, பழையதுதான் 0 என்றோ விதி எதுவும் இல்லை. மதர்போர்டில் எந்த இணைப்பில் எந்த வட்டைச் செருகியிருக்கிறோம் என்பது போன்ற காரணங்களால் அந்த எண் மாறும்.

இரண்டும் ஒரே அளவாக இருந்தால் என்ன செய்வது என்று வேறு சிலர் கேட்கலாம். அந்த இன்ஸ்டால் திரையிலேயே ஷிஃப்ட் விசையுடன் எஃப் 10-ஐ அழுத்தினால் கறுப்பு நிறக் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் டிஸ்க்பார்ட் என்று அடித்து, பிறகு லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, டீடெயில் டிஸ்க் என்று வரிசையாகக் கொடுங்கள்; எழுத்துகளைத் திரையில் காட்டுகிறேன். கடைசிக் கட்டளைக்கு வரும் பதிலின் மேல் வரியில் வட்டின் மாடல் பெயர் இருக்கும். அதை எஸ்எஸ்டியின் மேல் ஒட்டியுள்ள தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தச் சாளரத்தில் க்ளீன் என்ற கட்டளையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது தேர்ந்தெடுத்த வட்டின் பிரிவுகள் அனைத்தையும் கேள்வி கேட்காமல் நீக்கிவிடும்.

இவ்வளவு சொன்னாலும், நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது வேறொரு வழி. கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது, கணினிக்குள் உள்ள வட்டு என்று திரையில் அது ஒன்றுதான் தெரியும். பழைய கோப்புகள் தவறுதலாக அழிய இடமே இல்லை.

இதற்கு இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. யூஇஎஃப்ஐ என்ற இன்றைய தொடக்க முறையில் கணினி தொடங்குவதற்கு இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறிய பிரிவு தேவை. பெரும்பாலும் 100 எம்பி அளவில் அது இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அப்படி ஒன்று ஏற்கெனவே இருந்தால், விண்டோஸ் நிறுவி புதிதாக ஒன்றை எஸ்எஸ்டியில் உருவாக்காமல், தொடக்கக் கோப்புகளை அந்தப் பழைய பிரிவிலேயே எழுதிவிடக்கூடும். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கும். அதைத் தொடங்கி வைப்பது மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். உறவினர் ஒருவரின் கணினிக்கு நான் இப்படித்தான், இரண்டையும் இணைத்தபடியே, இன்ஸ்டால் செய்து கொடுத்தேன். நன்றாக ஓடியது. சில மாதங்கள் கழித்து ஹார்ட் டிஸ்க் பழுதாகிக் கழற்றியபோது, குறையே இல்லாத எஸ்எஸ்டி இருந்தும் கணினி தொடங்கவில்லை. அன்று முதல் கேபிளைக் கழற்றாமல் நான் இந்த வேலையைத் தொடங்குவதே இல்லை.

ஆகவே 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் விண்டோஸ் 11 நிறுவியை முன்பே தயாரித்து வைத்துக்கொண்டு, எஸ்எஸ்டி மட்டும் இணைந்த நிலையில், யூஇஎஃப்ஐ முறையிலேயே அந்தப் பென்டிரைவிலிருந்து தொடங்குங்கள். அன்அலக்கேட்டட் ஸ்பேஸ் வரியைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால் போதும். வேண்டிய பிரிவுகளை அதுவே உருவாக்கிக்கொள்ளும். மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்டெல் 11-ஆம் தலைமுறையிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சில கணினிகளில் என்விஎம்இ எனப்படும், சாட்டாவைவிட வேகமான வகை எஸ்எஸ்டி இந்தப் பட்டியலிலேயே வராது. பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், விஎம்டி என்ற இன்டெல்லின் வட்டு மேலாண்மை வசதி இயங்குவது அதற்குக் காரணமாக இருக்கலாம். எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காமல், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதற்குரிய டிரைவரைப் பென்டிரைவில் எடுத்துவந்து, அதே திரையில் லோட் டிரைவர் மூலம் கொடுத்துப் பாருங்கள்.

இன்ஸ்டால் முடிந்து, எஸ்எஸ்டி தனியாகவே ஓரிரு முறை சரியாகத் தொடங்குகிறதா என்று பார்த்த பிறகு, கணினியை மீண்டும் அணைத்து ஹார்ட் டிஸ்க்கை இணையுங்கள். பயாஸில் தொடக்க வரிசையில் எஸ்எஸ்டியில் உள்ள விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில் இருக்கட்டும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால், சி என்ற எழுத்துள்ள டிஸ்க்கின் கீழ் எஸ்எஸ்டி என்றே எழுதியிருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பழைய விண்டோஸை அன்றே அழிக்க வேண்டாம். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஆகிய கோப்புறைகள் அதற்குள்தான் இருக்கின்றன, அவற்றை முழுதாக நகலெடுத்துத் திறந்து பார்த்த பிறகு அழித்துக்கொள்ளலாம்.