ஒரே வீடு, இரண்டு தலைப்பு

நடுவர் அவர்களே, ஊடகங்கள் விளையாட்டைக் காக்கின்றனவா, வம்பு பேசிக் கெடுக்கின்றனவா என்பது இன்றைய தலைப்பு. கெடுக்கின்றன என்பது எங்கள் கட்சி. "அழுக்கைக் கிளறாவிட்டால் ஊக்கமருந்து உட்கொண்ட சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் இன்றைக்கும் மாவீரன்தான். அதனால் ஊடகங்கள் விளையாட்டைக் காக்கின்றன" என்று முழங்கிவிட்டு அமர்ந்தார் எதிரணி நண்பர். நானும் கைதட்டினேன். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாரே!

ஆம்ஸ்ட்ராங் 1999இல் டூர் டி பிரான்ஸ் என்ற சைக்கிள் பந்தயத்தில் தன் முதல் பட்டத்தை வென்றபோதே சந்தேகப்பட்டவர் டேவிட் வால்ஷ் என்ற செய்தியாளர். சாட்சிகளைத் தேடித் தேடிப் பேசினார். அதற்குப் பரிசாக அவருடைய பத்திரிகைமீது அவதூறு வழக்கு வந்தது. 2004 பந்தயத்தில், கூடப் பயணம் செய்த செய்தியாளர்களே அவரைக் காரில் ஏற்ற மறுத்தார்கள். ஏற்றினால் ஆம்ஸ்ட்ராங் தரப்பு தங்களோடு பேசாது என்ற பயம்! ஏழு பட்டங்களும் பறிபோனது 2012இல்தான். பதின்மூன்று வருஷ உழைப்பு ஐயா அது. அதை வம்புக் கணக்கில் சேர்ப்பது வால்ஷுக்குச் செய்யும் அநியாயம்.

நாங்கள் குற்றம் சாட்டுவது வேறொன்றை. ஆட்டம் முடிந்த அடுத்த நிமிஷம் தோற்றவன் முகத்தைப் பெரிதாக்கிப் போட்டு, "அணிக்குள் மோதலா?" என்று கேட்கிறார்களே, அதை. அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால் ஆதாரமும் கிடையாது, பொறுப்பும் கிடையாது. நாளைக்குப் பொய்யென்று ஆனால், "கேட்கத்தானே செய்தோம்" என்பார்கள்.

ஒரே ஒரு காட்சியைக் கிட்டத்தில் காட்டுகிறேன். 2018 டிசம்பர். முந்தின நாள் ஆட்டத்தில் பார்வையாளர்களிடம் வசை வாங்கிய கறுப்பினக் கால்பந்து வீரர் ரஹீம் ஸ்டெர்லிங், இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். இரண்டும் அவர் அப்போது ஆடிய மான்செஸ்டர் சிட்டி அணியின் இளம் வீரர்களைப் பற்றியவை. இருவரும் அம்மாவுக்கு வீடு வாங்கியிருக்கிறார்கள். வெள்ளைக்கார ஃபில் ஃபோடனுக்கு வந்த தலைப்பில் அம்மாவும் புது வீடும் இருந்தன. கறுப்பினத்தவரான டோசின் அடராபியோயோவுக்கு வந்த தலைப்பில் அம்மாவையே காணோம்! வாரச் சம்பளம் எவ்வளவு, மாளிகை விலை எவ்வளவு, இங்கிலாந்தின் முதல்தரப் போட்டியான பிரீமியர் லீக்கில் இன்னும் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடவில்லையே என்ற குத்தல் வேறு. இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, நடுவர் அவர்களே. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற இடத்தில்தான் விஷம் இருக்கிறது. இப்படித் தினம் தினம் படிக்கிறவன் மைதானத்தில் வாயைத் திறந்தால் என்ன வரும்?

"பிரபலம் என்றால் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்" என்றும் சொன்னார்கள். நவோமி ஒசாகா என்ற டென்னிஸ் வீராங்கனை, அப்போது 23 வயதுப் பெண், தோற்றவர்களை உட்கார வைத்துத் துருவும் செய்தியாளர் சந்திப்புக்கு வரமாட்டேன், மனநலம் முக்கியம் என்றார். 2021 பிரெஞ்சு ஓபனில் முதல் சுற்றை வென்ற கையோடு 15,000 டாலர் அபராதம், தகுதிநீக்க எச்சரிக்கை. போட்டியை விட்டே விலகினார். 2018 முதல் மனச்சோர்வோடு போராடி வருவதை அப்போதுதான் வெளியே சொன்னார். இன்னும் எவ்வளவு தாங்க வேண்டும்?

"ஜனங்கள் கேட்கிறார்கள், கொடுக்கிறோம்" என்ற வாதத்துக்கு நேரம் செலவழிக்கமாட்டேன். பந்து எப்படித் திரும்பியது என்று விளக்கிச் சொல்லுங்கள், அதையும் கேட்பார்கள்.

மணி அடித்துவிட்டது. வால்ஷ் ஏறமுடியாமல் போன அந்தக் காரையும், அம்மா காணாமல் போன அந்தத் தலைப்பையும் எதிரில் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுங்கள் ஐயா. வணக்கம்.