பஞ்சு கொட்டும் வில்லைப் பறித்ததற்குப் பெயர் விடுதலையா?

நடுவர் அவர்களே, வணக்கம். "பஞ்சு கொட்டுகிறவருக்கு இயந்திரம் தந்தது விடுதலையே" என்று பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். தோள்வலி போயிற்றாம், தூசு போயிற்றாம். வலியும் தூசும் இருந்தது உண்மை. நாள் முழுக்கப் பஞ்சுத்தூசியைச் சுவாசித்த நெஞ்சு என்ன பாடுபடும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் வலியோடு சேர்ந்து பிழைப்பும் போனதே, அதை ஏன் ஐயா சொல்லாமல் விட்டீர்கள்?

அந்த வேலையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பெரிய மரவில், இழுத்துக் கட்டிய நரம்பு, இரு முனையும் பருத்து நடுவில் சிறுத்த ஒரு மரக்கட்டை. நரம்பைப் பஞ்சுக்குள் இறக்கிக் கட்டையால் அடிப்பார். கட்டிதட்டிய பஞ்சு இழை இழையாகப் பிரிந்து எழும். மண்ணும் கொட்டைத் துகளும் கீழே உதிரும். நரம்பு ஆழமாக இறங்கினால் ஓசை அடங்கும், மேலோடு நின்றால் வெறுமனே அதிரும். காது சொல்லித்தான் கை அடித்தது. காற்று மோதிச் சிதறும் அலைத் திவலைக்கு உவமை தேடிய சங்கப் புலவர் ஒருவர், வில்லால் அடித்த பஞ்சைத்தான் எடுத்தாண்டார்.

பஞ்சு கொட்டுகிற சமூகத்தாருக்கு வடக்கே துனியா என்று பெயர், கர்நாடகத்தில் பிஞ்சார், நதாப், ஆந்திரத்தில் தூதேகுல. வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வந்தவர்கள். நரம்பைச் சுண்டினால் போதும், பழைய மெத்தை வாசலுக்கு வந்துவிடும். காந்தி ராட்டையை மீட்கத் துடித்த நாட்களில் பஞ்சு கொட்ட ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த முயற்சியில் காந்திக்கு உதவிய கங்காபென் என்ற பெண்மணி கண்டுபிடித்த ஒருவர் மாதம் 35 ரூபாய்க்குக் குறையாமல் கேட்டார். அது அதிகம் என்று காந்திக்குத் தோன்றவில்லை.

இயந்திரம் பஞ்சு கொட்டியவர் கைக்கா வந்தது? பல் வைத்த உருளையும் மோட்டாரும் வாங்க முதல் இருந்தவர் கடை போட்டார். வில் வைத்திருந்தவருக்கு அங்கே கூலி வேலை கிடைத்தால் உண்டு. தூசு போயிற்று என்கிறீர்களே, மூடிய கடைக்குள் மோட்டார் கிளப்பும் தூசு யார் மூச்சில் ஏறுகிறது?

ஃபோம் மெத்தையின் சுகத்தையும் எதிரணியில் ஒருவர் பாராட்டினார். பஞ்சு மெத்தை அமுங்கினால் உறையைப் பிரித்து, அதே பஞ்சைக் கொட்டி, திரும்ப அடைத்துத் தைத்துவிடலாம். ஃபோம் அமுங்கினால் புது மெத்தைதான் வாங்க வேண்டும். பெட்ரோலியத்திலிருந்து செய்த பழையது மக்காமல் எங்கே போய்க் கிடக்கிறது என்பதை அடுத்துப் பேச வருகிறவர் சொல்லட்டும், நடுவர் அவர்களே.