கொப்புளம் எந்த அடுக்கில்?

நேயர்களுக்கு வணக்கம்.

பிறந்து சில நாளே ஆன குழந்தை. லேசாக உரசிய இடத்தில் எல்லாம் நீர்க்கொப்புளம். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருக்கும். வீட்டில் முதலில் எழும் பேச்சு, தாய் கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள், கிரகணத்தன்று வெளியே வந்தாளா என்பதுதான். இரண்டுமே காரணம் இல்லை. தாயின் மேல் பழி போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கிருமித்தொற்றால் வரும் கொப்புளம் இல்லை என்பதை மருத்துவர் முதலில் உறுதி செய்வார். அதன் பிறகு நினைக்க வேண்டியது எபிடெர்மோலைசிஸ் புல்லோசா, சுருக்கமாக ஈ.பி. தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரதம் ஒன்றின் மரபணுவில் பிழை. தொட்டால் மற்றவருக்குத் தொற்றாது.

ஈ.பி. ஒரே நோய் அல்ல. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கொப்புளமும் ஒரே மாதிரிதான். தோல் எந்த ஆழத்தில் பிரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் குழந்தையின் எதிர்காலமும், அடுத்த குழந்தைக்கு வருமா என்பதும் அமையும்.

மேல்தோலின் அடிவரிசைச் செல்களுக்குள் கெரட்டின் 5, கெரட்டின் 14 என்ற இரண்டு புரதங்கள் இணைந்து, பந்தலுக்கு மூங்கில் போல, செல்லைத் தாங்குகின்றன. இவற்றில் ஒன்று பழுதானால் உரசலில் செல்லே உடைகிறது. இது சிம்ப்ளெக்ஸ் வகை. 1991இல் கெரட்டின் 14 மரபணுவில் பிழை இருப்பது தெரியவந்தது. பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறும், வெயில் காலத்தில் கூடும். அதற்குக் கீழே, மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் இடையிலுள்ள மெல்லிய படலமான அடிச்சவ்வில் மேல்தோல் ஒட்டும் இடத்தில் லாமினின் 332, கொலாஜன் 17 என்ற புரதங்கள். இங்கே பிரிந்தால் ஜங்ஷனல் வகை. அதன் கடுமையான வடிவத்தில் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. இன்னும் கீழே, அடிச்சவ்வை அடித்தோலோடு பிணைப்பது கொலாஜன் 7. அது கெட்டால் டிஸ்ட்ரோபிக் வகை: ஆறும் ஒவ்வொரு புண்ணும் தழும்பாகும். கடுமையாக இருந்தால் விரல்கள் ஒட்டிக்கொள்ளும், உணவுக்குழாய் சுருங்கும்.

கொலாஜன் 7 மரபணு மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது. இதே மரபணுவின் பிழை ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வருகிறது, இன்னொரு குடும்பத்தில் ஆரோக்கியமான பெற்றோருக்குத் திடீரென்று வருகிறது. ஏன்? கொலாஜன் 7 மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தால்தான் முறுக்கு இறுகும். இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நமக்கு இரண்டு பிரதி. ஒரு பிரதியில் கிளைசின் மாறிப்போனால், உருவாகும் இழைகளில் பாதி கெட்டவை. மூன்றும் நல்ல இழையாக அமையும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். மீதி ஏழு கயிற்றிலும் கெட்ட இழை கலந்துவிடும். ஒரே ஒரு பிழை நோயைக் கொடுத்துவிடுகிறது. இது ஓங்கு வகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. மாறாக, ஒரு பிரதி இழையே தயாரிக்காமல் நின்றுபோனால், மற்ற பிரதி செய்யும் பாதி அளவே தோலுக்குப் போதும். அவர் நோய் இல்லாமல் பிழையை மட்டும் சுமக்கும் ஆரோக்கியமான கடத்தி. கணவன், மனைவி இருவரும் கடத்திகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. இது ஒடுங்கு வகை.

நம் ஊரில் சொந்தத்தில் கல்யாணம் வழக்கம் என்பதால் இந்தக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். தாத்தா அல்லது பாட்டியில் ஒருவர் கடத்தி என்று வையுங்கள். அவர்களின் மகன், தன் அக்காள் மகளைக் கட்டினால், பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 32இல் 1. அத்தை மகள், மாமன் மகன் கட்டினால் 64இல் 1. அசலில் கட்டினால் இது மிகமிகக் குறைவு. ஆனால் ஓங்கு வகைக்கும் சொந்தத் திருமணத்துக்கும் சம்பந்தம் இல்லை. பெற்றோரில் ஒருவருக்கே நோய் இருக்கும், அல்லது குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய பிழையாக இருக்கும். புதிய பிழை என்றால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு, பூஜ்யம் அல்ல: பெற்றோரின் கருமுட்டை அல்லது விந்தணுக்களில் மட்டும் அது பதுங்கியிருக்கலாம்.

எந்த அடுக்கு என்று காட்டுவது தோல் பயாப்ஸி, அதாவது சிறு தோல் துண்டை எடுத்துச் செய்யும் சோதனை. பழைய கொப்புளத்தில் எடுத்தால் தவறான விடை வரும், ஏனென்றால் அடியில் புதுத்தோல் வளர்ந்திருக்கும். தோலை மெதுவாகத் தேய்த்துப் புதுக் கொப்புளம் வரவழைத்து, அதன் ஓரத்தில் எடுக்க வேண்டும். மாதிரியை ஃபார்மலினில் மட்டும் போட்டால் புரதங்களை ஒளிரச் செய்து பார்க்கும் சோதனை கெட்டுவிடும். அந்தச் சோதனைக்காக மாதிரியைக் கெடாமல் வைக்கும் மிஷெல் கரைசல் கேளுங்கள். மரபணுச் சோதனைக்குக் குழந்தையின் ரத்தத்தோடு பெற்றோர் இருவருடையதும் வேண்டும்.

வீட்டில்: கொப்புளத்தைத் தொடாமல் விட்டால் உள்ளிருக்கும் நீரின் அழுத்தத்திலேயே அது பரவும். சுத்தமான புது ஊசியை, தாழ்வான ஓரத்தில், தோலுக்குப் படுக்கையாகச் செலுத்தி மறுபுறம் வெளியே எடுங்கள். மெல்லிய துணியால் ஒற்றுங்கள். மேல்தோலைக் கிள்ளாதீர்கள், அதுதான் இயற்கைக் கட்டு. ஒட்டாத கட்டுதான் போட வேண்டும். பிளாஸ்திரி கூடவே கூடாது. காய்ந்து ஒட்டியதை இழுக்காமல் நனைத்து எடுங்கள். குளிக்கும் நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்தால் எரிச்சல் குறையும். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். பிட்டத்திலும் பிடரியிலும் தாங்குங்கள். சட்டையைத் தையல் வெளியே தெரியும்படி புரட்டிப் போடுங்கள். கடுமையான டிஸ்ட்ரோபிக் வகையில் வளர்ந்த பிள்ளைக்கு நான்கு வாரமாகியும் ஆறாத, தடித்த புண் இருந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள். அது தோல் புற்றுநோயாக இருக்கலாம்.

சிகிச்சை நகர்ந்திருக்கிறது. 2015இல் ஜெர்மனியில் ஏழு வயது ஜங்ஷனல் நோயாளிச் சிறுவனுக்கு, இத்தாலியின் மோதெனா ஆய்வுக்கூடத்தில் மரபணு திருத்தி வளர்த்த தோலை ஒட்டி, உடலின் சுமார் 80 சதவீத மேல்தோலை மாற்றினார்கள். 2023 மே மாதம் அமெரிக்காவில் கொலாஜன் 7 மரபணுவைச் சுமந்த, புண்ணில் தடவும் ஜெல்லுக்கு அனுமதி கிடைத்தது. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது.

அதனால் இன்று பெரிதும் உதவுவது சரியான மரபணு விடை. பிழை எது என்று தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தின் 11ஆம் வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம். தெரியாவிட்டால் பார்க்க வழியில்லை. குழந்தையின் நிலை மோசமாக இருந்தால், மனம் கனக்கும் அந்த நேரத்திலும் இரண்டு மில்லி ரத்தத்தை, அது உறையாமல் வைக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து டி.என்.ஏ.வைப் பாதுகாக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தை போனபின் அந்த விடையைத் தேடுவது மிகக் கடினம்.