நம்மவர் களவுக்கு ஓர் அடிக்குறிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையில் நான் முடி வெட்டுகிற சலூனுக்கு ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் வருவார். வெட்டுவதற்குத் தலையில் பெரிதாக ஒன்றும் இல்லை, பேப்பர் வாசிக்கத்தான் வரவு. 2016இல் மத்திய வங்கிப் பிணைமுறி (அரசாங்கம் கடன் வாங்க விற்கும் பத்திரம்) மோசடிக் கதை வந்தபோது, "விசாரணை முடியட்டும் தம்பி, ஆதாரமில்லாமல் ஒருத்தரைக் கள்ளன் எண்டு சொல்லப்படாது" என்றார். 2020 ஒக்டோபரில் ராஜபக்ஷ அரசாங்கம் சீனி வரியைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதத்துக்குக் குறைத்தது. கடையில் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. மாஸ்டர் பேப்பரைத் தட்டினார்: "இதுக்கு என்ன விசாரணை? பிடிச்சு உள்ளுக்குப் போடவேணும்!"

சலூன்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் 2015 ஜனவரியில் நல்லாட்சி என்று சொல்லி வந்த, ஐக்கிய தேசியக் கட்சி சேர்ந்த அணிக்குப் புள்ளடி போட்டவன் நானும்தான். அடுத்த மாதமே, பெப்ரவரி 27இல், 100 கோடி ரூபாவுக்கென்று அறிவித்த 30 வருடப் பிணைமுறிக்கு மத்திய வங்கி சுமார் 1000 கோடியை ஏற்றது. அதில் பெரும் பங்கு போனது ஆளுநரின் மருமகனோடு தொடர்புள்ள நிறுவனத்துக்கு. வீட்டில் அதைக் கதைக்கும்போது என் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். அவர்களை விழுத்தினால் பழைய ராஜபக்ஷ ஆட்கள் வந்துவிடுவார்களே என்ற பயம். பயம் உண்மைதான். ஆனால் அது நல்ல சாட்டாகவும் இருந்தது.

பாராளுமன்றத்தில் இதை இன்னும் நேர்த்தியாகச் செய்தார்கள். 2016 ஒக்டோபரில் இந்தப் பிணைமுறி பற்றிக் கோப் குழுவின் (அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் பாராளுமன்றக் குழு) அறிக்கை வந்தபோது, ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்கள் அதில் அடிக்குறிப்புகள் சேர்த்தார்கள். அறிக்கையை நிராகரித்த பழியும் வேண்டாம், ஏற்ற சங்கடமும் வேண்டாம். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு "ஆனால்". கெட்டிக்காரத்தனம்தான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மற்றப் பக்கமான ராஜபக்ஷக்களின் கட்சியும் சளைத்ததல்ல. 2023 செப்டெம்பரில் சுகாதார அமைச்சர் மீதான நம்பிக்கையில்லாப் பிரேரணையை 113க்கு 73 என்று தோற்கடித்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2024 பெப்ரவரியில் மருந்துக் கொள்முதல் விவகாரத்தில் அவர் கைதானார். கை உயர்த்திய 113 பேரில் பலர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே கதைக்கவில்லை.

போன கிழமையும் சலூனுக்குப் போனேன். இந்தமுறை நான் வாக்குப் போட்ட கட்சிக்காரர் ஒருவரைப் பற்றி மாஸ்டர் ஏதோ வாசித்துக் காட்டினார். "அதுக்கு ஆதாரம் இருக்கோ?" என்று கேட்டேன். கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது. கண்ணாடியில் சலூன்காரர் சிரிப்பது தெரிந்தது.