பாமினியில் வந்த காமக்கதையும் நான் வாசிக்கிற மற்றதுகளும் (18+)

வணக்கம் எல்லாருக்கும். முதலில் இயர்போன் போடுங்கோ. பதினெட்டு வயது ஆகாதவர்கள் இதோடு நிறுத்திவிட்டுப் போய்ப் படியுங்கோ, அடுத்த கிழமை வழமைபோல நாவல் வீடியோ வரும், அதற்கு வாங்கோ. மற்றவர்கள் இருங்கோ. பின்னால் தண்ணீர்த் தாங்கி தெரிகிறது, ஓம், இன்றைக்கு மொட்டைமாடிதான். கீழே அம்மா குசினியில் நிற்கிறா, நான் கதைக்கப்போகிற விஷயம் அவவுக்குக் கேட்டால் இரவுச் சாப்பாட்டு மேசையில் நான் எந்த முகத்தோடு இருக்கிறது? அதனால் காற்றுச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

விஷயம் காமக்கதைகள். இணையத்தில் கிடக்கிறதில் எழுத்து என்று சொல்லக்கூடியதை எங்கே, எப்படித் தேடுவது என்று நிறையப் பேர் மெல்லமாகக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நானும் கடத்திக்கொண்டே வந்தேன். இப்போது ஏன் திடீரென்று என்றால், ஸ்காபரோவில் இருக்கிற என் சிநேகிதி, பழைய வீடியோக்களில் நான் "கனடாக்காரி" என்று சொல்லுவேனே, அவதான், வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பினா. "இதை வாசி, பேந்து எனக்கு எடு." அவ்வளவுதான் செய்தி. திறந்தேன். முழுக்க ஆங்கில எழுத்து. ஆங்கிலமும் இல்லை. ஈ, எச், டி, பிறகு ஒரு அரைப்புள்ளி. யாழ்ப்பாணத்தில் ஒரு தடவையாவது கல்யாண அழைப்பிதழுக்கோ கோயில் நோட்டீசுக்கோ கொமினிகேஷனில், அதாவது தட்டச்சும் பிரிண்டும் செய்கிற கடையில், போய்க் குந்தியிருந்தவர்களுக்கு இது என்னவென்று உடனே விளங்கும். பாமினி, அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டுகிற பழைய எழுத்துரு! ஈ, எச், டி, அரைப்புள்ளி என்றால் பாமினியில் "நான்".

இப்போது என் நிலைமையைப் பாருங்கோ. வேறு என்ன கோப்பாக இருந்தாலும் ஒழுங்கை முனையில் இருக்கிற கொமினிகேஷன் தம்பியிடம் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் மாற்றித் தருவான். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்பான், பரவாயில்லை. ஆனால் இந்தக் கோப்பை அவனிடம் நீட்டி "தம்பி, இதை யூனிகோடாக்கித் தாங்கோ" என்று சொல்ல முடியுமோ? அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே கோயில் மண்டபத்தில் பூ கட்டுகிறவர்கள். கணினியில் பாமினியை ஏற்றி அப்படியே வாசிக்கலாம்தான், ஆனால் நான் போனில் படுத்துக்கொண்டு வாசிக்கிற ஆள், உங்களுக்குத் தெரியும், கதிரையில் நிமிர்ந்திருந்து வாசிக்கிறது ஓடிட் ரிப்போர்ட்டுக்கு மட்டும்தான். ஆகவே இலவச மாற்றி ஒன்றில் முழுவதையும் போட்டேன். தமிழ் வந்தது. நல்லாக வந்தது. ஆனால் கதைக்குள் இருந்த ஆங்கிலச் சொல்லையும் அது பாமினி என்று நினைத்து மாற்றிவிட்டது. "அவள் டிரளில் ஏறி யன்னலோரம் இருந்தாள்" என்று ஒரு வரி. டிரள்! இது என்ன, ஏதாவது வட்டார வழக்கோ, மன்னார்ப் பக்கம் இப்படிச் சொல்லுவார்களோ என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். பிறகுதான் பிடிபட்டது. பி, யூ, எஸ். பஸ். பாமினியில் பி என்றால் டி, யூ என்றால் ர, எஸ் என்றால் ள. இந்தக் கண்டுபிடிப்புக்கு எனக்கு யாராவது ஒரு கேடயம் தரவேண்டும். அன்றைக்கு இரவு முழுக்க இப்படி ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துத் திருத்தினேன், ஒரு காமக்கதைக்கு இவ்வளவு பிழைதிருத்தம் பார்த்த பதிப்பாசிரியர் யாழ்ப்பாணத்தில் நானாகத்தான் இருப்பேன்.

பலன் இருந்ததோ என்றால், ஐயோ, இருந்தது. கதையைச் சொல்லுகிறேன், கோப்பைக் கேளாதையுங்கோ. எழுதினவரின் பேர் அதில் இல்லை, பேர் தெரியாத ஒருவரின் எழுத்தைக் கை மாற்றி விடுகிற பழக்கம் எனக்கு இல்லை, அதோடு இந்த நாட்டில் ஆபாசப் பிரசுரங்கள் கட்டளைச் சட்டம் என்று 1927ஆம் ஆண்டுச் சரக்கு ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது, எனக்கு ஏன் அந்த வில்லங்கம். கதை இதுதான். ஒரு பெண், கல்யாணம் முடிந்து ஸ்பொன்சர் விசாவுக்காக வருஷக்கணக்கில் ஊரில் காத்திருந்துவிட்டுக் கடைசியில் புருஷனிடம் போய்ச் சேருகிறாள். முதல் இரவு. இரண்டு பேரும் நாற்பதைத் தொடுகிற வயது. தொலைபேசியில் எல்லாம் கதைத்து முடித்தவர்கள், வெட்கமில்லாமலும் கதைத்தவர்கள், நேரில் இருந்தால் ஒரு சொல் வரமாட்டேன் என்கிறது. அவள் படுக்கப்போகும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இந்த அறையில் அதை எங்கே வைக்கிறது என்று தெரியாமல் நிற்கிறாள். அவன் தன் பக்கத்து மேசையில் இருந்த மருந்துப் போத்தலையும் சாவிக்கொத்தையும் தள்ளி அவளுக்கு ஒரு கையளவு இடம் ஒதுக்குகிறான். பிறகு அவளிடமிருந்து கண்ணாடியை வாங்கி, வைக்க முதல், தன் சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைக்கிறான். அவ்வளவுதான், இன்னும் யாரும் யாரையும் தொடவே இல்லை, நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் இருக்கிறது. மறைத்து எழுதவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அடுத்த பந்தியில் விடிந்தது என்று எழுதுகிற ஆள் இல்லை அவர். ஆனால் அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் மற்றது எல்லாம் வெறும் உடற்கூற்றியல் பாடம். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இது ஒன்றுதான். யார் இந்த இரண்டு பேர், ஏன் இன்றைக்கு, ஏன் ஒருவரை ஒருவர் வேண்டும் என்று கிடந்து தவிக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் எனக்கு ஒன்றும் ஏறாது. எண்பது வீதமான இணையக் கதைகள் விழுகிற இடம் இதுதான், வீதம் நானாகச் சொன்னது, ஆராய்ச்சி இல்லை. முதல் பந்தியிலேயே உடம்பின் அளவுகள், இரண்டாவதில் எரிமலை, மூன்றாவதில் பூகம்பம். இங்கிலீஷ் இலக்கியத்தின் பெரிய ஆட்களே இதில் சறுக்குகிறார்கள், "லிட்டரரி ரிவ்யூ" சஞ்சிகை நாவல்களில் வருகிற மோசமான கலவிக் காட்சிக்கென்றே 1993இல் ஒரு பரிசு தொடங்கினது சும்மா இல்லை.

அனயிஸ் நின் என்ற எழுத்தாளரின் கதை தெரியுமோ? 1940களில் பேர் சொல்லாத ஒரு பணக்காரர் தனக்கென்று காமக்கதை எழுதுவிக்கிறார், பக்கத்துக்கு ஒரு டொலர். எழுதிக் கொடுக்கக் கொடுக்க அவரிடமிருந்து வருகிற கட்டளை என்ன? கவித்துவத்தை விடு, காரியத்தை மட்டும் எழுது. அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம். அந்தக் கதைகள் புத்தகமாக வந்தது 1977இல், அவ இறந்த அதே வருஷம். இன்றைக்கும் மக்கள் வாசிப்பது அந்த மனுஷன் வெட்டச் சொன்ன பகுதிக்காகத்தான்.

சரி, எங்கே தேடுவது. என் முதல் தெரிவு ஏஓ3, முழுப்பேர் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன். 2009இல் திறந்தது, தொண்டர்கள் நடத்துகிறார்கள், விளம்பரம் இல்லை, காசு இல்லை. 2019இல் அந்தத் தளத்துக்கே அறிவியல், மிகைப் புனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது. பெரும்பாலும் ரசிகர் புனைவு, அதாவது ஏற்கெனவே இருக்கிற கதைகளின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதுகிறது, ஆனால் சொந்தக் கதைகளும் உண்டு. பொன்னியின் செல்வன் பாத்திரங்களை வைத்து எழுதினதுகூட அங்கே கிடக்கிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில், வந்தியத்தேவன் ரசிகைகளுக்கு நான் இதைவிட அதிகம் சொல்லத் தேவையில்லை. எனக்கு அங்கே பிடித்தது சீட்டு ஒட்டுகிற முறை. கதைக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு வெளிப்படை, எது மனதைக் கலக்கும் என்று பெரும்பாலான எழுத்தாளர்கள் முன்னாலேயே போட்டுவிடுகிறார்கள். பிடிக்காத சீட்டை வடிகட்டி வெளியே தள்ளலாம். நான் "எக்ஸ்ப்ளிசிட்" என்பதையும் "ஸ்லோ பர்ன்" (ஆசை மெல்ல மெல்ல மூளுகிற கதை) என்பதையும் சேர்த்துப் போட்டு, முடிந்த கதைகள் மட்டும் என்று தெரிந்து, புக்மார்க் எண்ணிக்கைப்படி அடுக்குவேன். லைக் மாதிரி ஒரு கூடோஸ் உண்டு, அதை நம்பாதையுங்கோ, எல்லாரும் வாசித்த உடனே அமத்திவிட்டுப் போகிறது அது. புக்மார்க் என்றால் திரும்பி வருவேன் என்று அர்த்தம்.

அடுத்தது லிட்டரோட்டிகா என்ற தளம். 1998இலிருந்து இருக்கிற கிழடு. தோற்றம் அசிங்கம், விளம்பரங்களைப் பார்த்தால் போனை வீசத் தோன்றும், ஆனால் குப்பைக்குள் பொன் கிடக்கிறது. பாத்திரங்கள் எல்லாம் பதினெட்டுக்கு மேல் என்பது அங்கே கட்டாயம். "ரொமான்ஸ்" பகுதிக்கு நேரே போங்கோ, பொறுமையாக எழுதுகிறவர்கள் அங்கேதான் ஒதுங்கியிருக்கிறார்கள். "லவிங் வைவ்ஸ்" என்று ஒரு பகுதி இருக்கும், பேரைப் பார்த்துக் குடும்பப் பாங்கான கதை என்று நினைத்து உள்ளே போகாதையுங்கோ! முழுக்கக் கள்ளத்தொடர்பும் அதற்குக் கீழே வாசகர்களின் அடிதடியும்தான். ஒரு மழை நாளில் கதையை விட்டுவிட்டு அந்த அடிதடியை மட்டும் வாசித்திருக்கிறேன், அது வேறு சுகம்.

ஆ, ஏஓ3இல் ஒன்று சொல்லாமல் வந்துவிட்டேன். கதையை ஈபப்பாக, அதாவது மின்நூலாக, இறக்கலாம். கரண்ட் இல்லாத நேரமும் டேட்டா முடிந்த நேரமும் வாசிக்கலாம், பருத்தித்துறை 750 பஸ்ஸில் நின்றுகொண்டும் வாசிக்கலாம். ஆனால் எழுத்தைச் சின்னதாக்கி வையுங்கோ. பக்கத்தில் நிற்கிற அன்ரிமாருக்குக் கண் நல்லாகத் தெரியும்.

தமிழில்? இங்கேதான் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறும். தமிழ்க் காமக்கதை என்று தேடினால் வருகிற தளங்களில் முக்கால்வாசி உறவுமுறையை வைத்துத்தான் ஓடுகிறது, சித்தி, அண்ணி, அது இது. எனக்கு அருவருப்பு. விருப்பமில்லாத பெண்ணைக் கட்டாயப்படுத்திவிட்டுக் கடைசியில் அவளுக்கும் பிடித்துப்போனது என்று முடிக்கிற ரகம் அடுத்தது. இரண்டுக்கும் இந்தச் சேனலில் இடமில்லை, "ரசனை வேறுபடும் அக்கா" என்று யாரும் எனக்கு வகுப்பு எடுக்கவும் வேண்டாம். சம்மதம் இருக்கிற இடத்தில்தான் விளையாட்டே தொடங்குகிறது. அவள் வேண்டும் என்று சொல்லுகிற அந்த வரியை வடிவாக எழுதத் தெரியாதவன்தான் கட்டாயத்துக்குள் போய் ஒளிகிறான்.

அதனால் தமிழில் எனக்கு ஆசை வந்தால் பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற மதுரைத் திட்டத்துக்குத்தான் போவேன். அதுவும் 1998இல் தொடங்கினது, லிட்டரோட்டிகா தொடங்கின அதே வருஷம், இந்தப் பொருத்தத்தை நினைத்து நான் தனியாகச் சிரித்திருக்கிறேன். குறுந்தொகையை இறக்குங்கோ, 401 பாட்டு, ஒவ்வொன்றும் நாலைந்து வரி, மிஞ்சினால் எட்டு ஒன்பது. இருபத்தைந்தாவது பாட்டைப் பாருங்கோ, கபிலர். அவன் என்னோடு கூடின அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்ய என்கிறாள் தலைவி. சாட்சி என்று இருந்தது ஒரு குருகு, தினைத்தாள் போல மெல்லிய கால், அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கோ. நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஆனால் கொக்கின் கால் தடிப்பு வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவள் கண் எங்கே இருந்தது, உடம்பு எப்படிக் கிடந்தது என்று நாங்களே கணக்குப் போட வேண்டியதுதான்.

இல்லை, அவ்வளவு பழசு வேண்டாம், பல்லு உடையும் என்றால், காமத்துப்பால் 250 குறளையும் உரையோடு வாசியுங்கோ. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அந்தப் பக்கம் வர முதலே மணி அடித்துவிட்டார்கள். கடைசிக் குறள் என்ன சொல்லுகிறது? ஊடல் காமத்துக்கு இன்பம், ஊடல் முடிந்து தழுவக் கிடைத்தால் அது ஊடலுக்கு இன்பம். பிணக்கு, இழுபறி, பிறகு அணைப்பு. ஸ்லோ பர்ன் என்று இன்றைக்குச் சீட்டு ஒட்டுகிறதும் இந்த இழுபறியைத்தான். நல்லூர் ஆறுமுக நாவலர், அவ்வளவு ஆசாரமான மனுஷன், பரிமேலழகர் உரையோடு திருக்குறளைப் பதிப்பித்தபோது காமத்துப்பாலைக் கிழித்து வைத்துவிட்டுப் பதிப்பிக்கவில்லை. அம்மா கண்டுபிடித்தால் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

இன்னொன்று. வாசித்துப் பிடித்தால் எழுதினவருக்கு நாலு வரி எழுதுங்கோ, என்ன இடம் பிடித்தது என்று குறிப்பாக. "சூப்பர், அடுத்த பாகம் எப்போது" என்று கேட்காதையுங்கோ, காசு வாங்காமல் எழுதுகிற ஆளைக் கடன்காரன் மாதிரி நெருக்குகிற வேலை அது. அடுத்த 18+ வீடியோவில் ஒலிக்கதைகளைப் பற்றிக் கதைப்பேன், அதில் ஒரு ஆண் குரல், சரி, அதை இப்போது தொடங்கினால் முடியாது. கீழே மீன்காரரின் ஹோர்ன் கேட்கிறது, அம்மா என்னைக் கூப்பிட முதல் நான் இறங்கவேண்டும். எந்தச் சீட்டுகளை வடிகட்டி எடுக்கிறீர்கள் என்று கீழே போடுங்கோ, சொந்தப் பேரில் போடவேண்டும் என்று இல்லை.